வயலுக்கு நடுவே ஒரு தனியார் பல்கலைக்கழகம்: சேரலாமா, வேண்டாமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மூன்றாம் நாள் என் மாணவி ஒருத்தியும் அவள் அப்பாவும் வீட்டுக்கு வந்தார்கள். நிலக்கோட்டைப் பக்கம் அரை ஏக்கரில் மல்லி போட்டிருக்கும் குடும்பம். விடியற்காலையில் பூப்பறித்து மார்க்கெட்டில் போட்டுவிட்டு அப்படியே வந்திருந்தார். கையில் வழவழப்பான தாளில் அச்சடித்த கையேடு ஒன்று.

"டீச்சர், இந்த யுனிவர்சிட்டிக்காரங்க போன் மேல போன் போடுறாங்க. அக்ரி சீட் இருக்காம். இந்த வாரத்துக்குள்ள பணம் கட்டுனா பீஸ்ல குறைப்பாங்களாம். கட்டிரலாமா?"

அரசு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் எடுக்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் இந்தக் கேள்வி யாராவது ஒருவர் வாயிலாக என்னிடம் வரும். ஊருக்கு வெளியே, வயலுக்கு நடுவே, ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளோடு நடக்கும் தனியார் பல்கலைக்கழகங்கள் இப்போது நிறைய. எடுத்த எடுப்பில் வேண்டாம் என்று சொல்வது சுலபம். ஆனால் அவற்றில் நன்றாகப் படித்து வந்த பிள்ளைகளையும் எனக்குத் தெரியும், நாலு வருஷம் கழித்துக் கடனோடு வந்து நின்றவர்களையும் தெரியும். அதனால் அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. பணம் மட்டும் கட்டிவிடாதீர்கள், போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்றேன். அடுத்த இரண்டு வாரம் நாங்கள் மூன்று பேரும் அலைந்து பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

அவளுக்கு வேளாண்மை படிக்க வேண்டும். அது சின்ன வயதிலிருந்தே சொல்லிவருவது, நீட் மார்க் குறைந்ததால் வந்த ஆசை இல்லை. எங்கள் முன்னால் இருந்த வழிகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கவுன்சலிங். மதுரை ஒத்தக்கடையில் 1965இல் தொடங்கிய வேளாண் கல்லூரி, பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி, இன்னும் மாநிலம் முழுக்க உறுப்புக் கல்லூரிகளும் (பல்கலைக்கழகமே நடத்துபவை) இணைப்புக் கல்லூரிகளும் (அதன் பட்டத்தைத் தரும் தனியார் கல்லூரிகள்) அதில் வரும். இரண்டு, சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம். மூன்று, போன் போட்ட அந்தத் தனியார் பல்கலைக்கழகமும், என் பழைய மாணவி ஒருத்தி இப்போது படிக்கும் அதே மாதிரியான இன்னொன்றும். நான்கு, வேளாண்மை கிடைக்காவிட்டால் அரசுக் கலைக் கல்லூரியிலோ மதுரையின் உதவிபெறும் கல்லூரிகளிலோ பி.எஸ்சி. தாவரவியல்.

முதலில் பார்க்க வேண்டியது 7.5 சதவீதம்

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு, 2021இல் வந்த சட்டப்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. அந்த இடத்தில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. இது கவுன்சலிங் வழியாகக் கிடைக்கும் இடங்களுக்கு மட்டும்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் (பல்கலைக்கழகத்துக்குச் சமம் என்று மத்திய அரசு அறிவித்த நிறுவனம்) தானாக நடத்தும் சேர்க்கைக்கு இது கிடையாது. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும் அப்படித்தான், கவுன்சலிங்கில் வந்தால்தான் உண்டு.

இதை அவள் அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. கையேட்டைக் கொடுத்த பல்கலைக்கழகத்துப் பையன் இதைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளையை வைத்துக்கொண்டு, இந்த ஒரு விவரம் தெரியாமல் லட்சக்கணக்கில் கட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. தயவுசெய்து முதலில் கவுன்சலிங்குக்கு விண்ணப்பியுங்கள். மற்ற எதையும் அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் வேறு. அது எந்தக் கல்லூரியில் சேர வேண்டும் என்று முடிவெடுக்கிற அளவுக்குப் பெரிய தொகை இல்லை. ஆனால் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆகும்.

காந்திகிராமம் ஏன் இந்தப் பட்டியலில் வருகிறது

கிராமத்தில் ஒரு பல்கலைக்கழகம் என்றால் என்ன என்பதற்கு எங்கள் மாவட்டத்தில் கண்ணெதிரே ஓர் உதாரணம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கியது காந்திகிராமம். 1956இல் அங்கே கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. மத்திய அரசு நிதியில் நடப்பதால் தனியார் கணக்கில் வராது. ஆனாலும் நான் பிள்ளைகளை அங்கே ஒருமுறை அழைத்துப் போகிறேன். பார்த்துவிட்டால் மற்ற இடங்களை அளக்க ஓர் அளவுகோல் கிடைக்கும்.

அங்கே பிள்ளைகள் படிப்பின் ஒரு பகுதியாகக் கிராமத்தில் போய்த் தங்கி வேலை செய்ய வேண்டும். சாந்தி சேனை என்ற மாணவர் அமைதிப் படை உண்டு. வேளாண் அறிவியல் நிலையம் உண்டு, அதில் சுற்றுவட்டார விவசாயிகள் பயிற்சிக்கு வந்துபோகிறார்கள். அங்கே கிராமம் படிப்புக்குள்ளேயே இருக்கிறது. நிலம் மலிவாகக் கிடைத்தது என்பதற்காகப் புறவழிச்சாலை ஓரம் கட்டடம் எழுப்பிவிட்டு "இயற்கை எழில் சூழ்ந்த வளாகம்" என்று போட்டுக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவள் காந்திகிராமத்தில் ஒரு நாள் சுற்றியதிலேயே புரிந்துகொண்டாள்.

ஒரு சிக்கல். அங்கே இளநிலைச் சேர்க்கைக்கு க்யூட் என்ற தேசிய அளவிலான பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கு விண்ணப்பம் போடும் காலம் பிளஸ் டூ பொதுத்தேர்வு நெருங்கி நடக்கும் நேரத்திலேயே வந்து போய்விடும். அவள் எழுதவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை, அது என் பக்கத்துத் தவறு. இந்த வருஷம் பிளஸ் டூ போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஜனவரியிலிருந்தே கவனமாக இருங்கள்.

இரண்டு தனியார் வளாகங்கள், ஒரு பூச்சிப் பெட்டி

போன் போட்ட பல்கலைக்கழகத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள், கார் கூட அனுப்புகிறோம் என்றார்கள். நான்தான் வகுப்பு நடக்கிற நாளில், சொல்லாமல் போகலாம் என்றேன். பெரிய வளைவு, குளிரூட்டிய அட்மிஷன் அலுவலகம், ஆளுக்கு ஒரு இளநீர். நன்றாகப் பேசினார்கள். விவசாயப் பண்ணையைப் பார்க்க வேண்டும் என்றதும்தான் தயக்கம் வந்தது. அழைத்துப் போய்க் காட்டிய இடத்தில் வேலி இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது, சொட்டுநீர்க் குழாய் வெயிலில் காய்ந்து கிடந்தது. பயிர் இல்லை. கோடை என்பதால் என்றார்கள். கோடையிலும் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பதுதானே நாங்கள் பார்க்க வந்தது?

இங்கே ஒரு சின்னப் பரிசோதனையைச் சொல்கிறேன். வேளாண்மை படிக்கும் பிள்ளைகள் பூச்சியியல் பாடத்துக்கு ஆளுக்கு ஒரு பூச்சிப் பெட்டி தயார் செய்ய வேண்டும். வலை எடுத்துக்கொண்டு வயல் வயலாகப் போய்ப் பூச்சி பிடித்து, ஊசி குத்தி, இறக்கை விரித்துக் காயவைத்து, பிடித்த இடம், தேதி, எந்தப் பயிரில் இருந்தது என்று சீட்டு எழுதி ஒட்ட வேண்டும். உழவியலில் களைச்செடித் தொகுப்பும் இப்படித்தான். அதனால் எந்த வேளாண் கல்லூரிக்குப் போனாலும் மேல்வகுப்புப் பிள்ளை ஒருவரிடம், "உன் பூச்சிப் பெட்டியைக் காட்டும்மா" என்று கேளுங்கள். முதல் வளாகத்தில் கேட்டோம். அஞ்சு பேருக்கு ஒரு பெட்டி கொடுத்தோம், பூச்சியெல்லாம் சீனியர்ஸ்கிட்ட வாங்கினது என்றாள் அந்தப் பெண், தயங்கித் தயங்கி. அவள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவளை வயலுக்குக் கூட்டிப்போக யாரும் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது வளாகம் பார்க்க எளிமையானது. வாசலில் டீக்கடை ஒன்று, உள்ளே வேப்பமரங்கள். என் பழைய மாணவி தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். திறந்ததும் அந்துருண்டை வாசம். தெர்மாகோல் மேல் வரிசையாக வண்டுகள், தும்பிகள், அந்துப்பூச்சிகள். காண்டாமிருக வண்டை எருக்குழியில் கிளறிப் பிடித்த கதையைச் சொன்னாள். கீழ் வரிசையில் விரல் நகம் அளவுக்கு வெள்ளையாக ஓர் அந்துப்பூச்சி, இறக்கையில் கறுப்பாக அலை அலையாகக் கோடு. சீட்டில் "மல்லிகை மொட்டுப்புழு" என்று பொடி எழுத்து.

எங்களோடு வந்திருந்த அப்பா பெட்டியைக் கையில் வாங்கி, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "இதுவா அந்தப் புழுவோட தாய்? இத்தனை வருஷமா மருந்தடிக்கிறேன், இதைப் பாத்ததே இல்ல டீச்சர்."

என் மாணவி அந்த இடத்திலேயே மனசில் முடிவு செய்துவிட்டாள் என்று நினைக்கிறேன். நான் அவசரப்பட விடவில்லை.

சின்னது என்பதில் இரண்டு அர்த்தம்

சின்னப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும். இரண்டு நாள் வராவிட்டால் ஆளனுப்பி விசாரிப்பார்கள். பேராசிரியர் ஒரு ஆராய்ச்சி செய்கிறார் என்றால் இளநிலைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வார். பெரிய கல்லூரியில் முதுநிலை மாணவர்களைத் தாண்டி அந்த வாய்ப்பு வருவது அபூர்வம். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடத்துக்குள் நுழையும் பிள்ளைக்கு, முதல் செமஸ்டரில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பது பெரிய விஷயம். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் அந்த முதல் ஆறு மாதத்தில்தான்.

சின்னது என்பதற்கு ஆளில்லை என்றும் அர்த்தம் உண்டு. உழவியல், மண்ணியல், பூச்சியியல், பயிர் நோயியல், மரபியல், தோட்டக்கலை, வேளாண் பொருளியல், விரிவாக்கம் என்று இத்தனை துறைகளையும் ஒரு கைப்பிடி ஆசிரியர்களே பகிர்ந்துகொள்ளும் இடத்தில், ஒருவர் வேலையை விட்டுப் போனால் ஒரு பாடமே படுத்துவிடும். அந்த இரண்டாவது வளாகத்திலும் இது நடந்திருக்கிறது. நோயியல் ஆசிரியர் செமஸ்டர் நடுவில் போய்விட, பூச்சியியல் ஆசிரியரே மீதிப் பாடத்தையும் நடத்தினாராம். என் பழைய மாணவி இதை மறைக்காமல் சொன்னாள்.

இதை வெளியிலிருந்தே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப்புக்கு விண்ணப்பிக்கும் கல்வி நிறுவனங்கள், தாங்கள் கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்திலும் வைத்திருக்க வேண்டும். தரவரிசையில் இடம் வந்ததா இல்லையா என்பதை விடுங்கள், அந்தப் பிடிஎஃப்பைத் தேடி எடுங்கள். கடைசிப் பக்கங்களில் ஆசிரியர் பட்டியல் இருக்கும்: பெயர், படிப்பு, அனுபவம், சேர்ந்த தேதி, விலகிய தேதி. சேர்ந்த தேதிகளை மட்டும் விரலால் ஓட்டிப் பாருங்கள். பாதிப்பேருக்கு மேல் போன வருஷம் சேர்ந்தவர்கள் என்றால் அங்கே யாரும் தங்குவதில்லை. அதே தாளில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், சம்பளத்தின் இடைநிலை அளவு என்ன என்பதும் இருக்கும். பிளக்ஸ் போர்டில் போடும் "அதிகபட்சச் சம்பளம்" ஒரே ஒரு பிள்ளையுடையது. இடைநிலை அளவு என்றால் பாதிப்பேர் அதற்குக் கீழே வாங்குகிறார்கள் என்று பொருள். கேட்க வேண்டியது அதைத்தான்.

இந்தத் தரவரிசைக்கே விண்ணப்பிக்காத இடமாக இருந்தால் ஆசிரியர் பட்டியலை அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை ஆய்வு செய்யும் நாக் அமைப்பின் தரச் சான்று இருக்கிறதா என்று பார்ப்பதும் தேவைதான், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவினர் சிலரையே லஞ்ச வழக்கில் சிபிஐ கைது செய்தது நினைவிருக்கும்.

பட்டத்தின் மதிப்பு எங்கே தீர்மானமாகிறது

பல்கலைக்கழகம் என்றால் பாடத்திட்டம், கேள்வித்தாள், திருத்துதல், பட்டம் எல்லாம் அவர்கள் கையிலேயே. இணைப்புக் கல்லூரி அப்படி இல்லை, தேர்வை வெளியே ஒரு பல்கலைக்கழகம் நடத்தும், தேர்ச்சி விகிதம் வெளியே தெரியும். தனிப் பல்கலைக்கழகத்தில் எல்லோரும் தேர்ச்சி என்று சொன்னால் அதைச் சரிபார்க்க நமக்கு வழி இல்லை. நல்ல ஆசிரியர்கள் இருந்தால் இந்தச் சுதந்திரம் வரம், புதுப் பாடங்களை உடனே கொண்டுவரலாம். மோசமான இடத்தில் மார்க்கும் பட்டமும் கையில் இருக்கும், கற்றது இருக்காது.

பெயர் விஷயமும் ஒன்று. உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் தந்த தீர்ப்புக்குப் பிறகு, நிகர்நிலை நிறுவனங்கள் பெயரோடு வெறுமனே "யுனிவர்சிட்டி" என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி உத்தரவிட்டது. நிகர்நிலையா, மாநிலச் சட்டத்தால் வந்த தனியார் பல்கலைக்கழகமா என்று யுஜிசி இணையதளத்தில் உள்ள பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. ஐந்து நிமிட வேலை.

வேளாண்மைக்கு இதைவிட முக்கியமானது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம். ஐசிஏஆர் அக்ரெடிடேஷன் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். இந்தக் கழகத்தின் முதுநிலை நுழைவுத் தேர்வுக்கும் உதவித்தொகைக்கும் போகும்போது இது வந்து முன்னால் நிற்கும். முதல் வளாகத்தில் "அப்ளை பண்ணியிருக்கோம்" என்றார்கள். இரண்டாவதில் இருந்தது, ஆனால் எதுவரை செல்லும் என்று கேட்டால் அடுத்த வருஷம் முடிகிறது, புதுப்பிப்போம் என்றார்கள். அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் இருந்தால் போதாது, நாம் சேரும் படிப்பின் பெயரும் அந்தச் சான்றிதழில் இருக்க வேண்டும். சான்றிதழை வாங்கிப் படித்துவிடுங்கள்.

வங்கிகளில் வேளாண் அலுவலர் வேலைக்கு ஐபிபிஎஸ் தேர்வு எழுதலாம், அதற்கு அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் நான்கு வருட வேளாண் பட்டம் வேண்டும். டிஎன்பிஎஸ்சி வேளாண் அலுவலர் தேர்வு இன்னொரு வழி. பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்துக் கல்வித்தகுதிப் பகுதியை வரிக்கு வரி படித்துவிட்டு, நாம் சேரப்போகும் பட்டத்தின் பெயர் அப்படியே அதில் இருக்கிறதா என்று பாருங்கள். "அதற்குச் சமமானது" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை ஏற்காதீர்கள்.

ராத்திரி எட்டு மணிக்கு என்ன நடக்கும்

பகலில் எல்லா வளாகமும் அழகுதான். கிராமத்து வளாகத்தின் உண்மையான முகம் இருட்டின பிறகு தெரியும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு? பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினால் எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு தூரம், யார் கூட்டிப்போவார்? வளாகத்தில் வண்டி ஓட்டுநரோடு நிற்கிறதா, இல்லை 108-க்குத்தான் போன் போட வேண்டுமா? இரண்டாவது வளாகத்தில் ஏழு மணிக்கு மேல் பஸ் இல்லை, அரசு மருத்துவமனை இருபது கிலோமீட்டருக்கு மேல். ஆனால் வார்டன் அம்மா ஹாஸ்டலிலேயே குடியிருக்கிறார், வண்டி ஒன்று எப்போதும் நிற்கிறது. முதல் வளாகம் நெடுஞ்சாலை ஓரம், பஸ் உண்டு. அங்கே வார்டனைப் பார்க்கவே முடியவில்லை.

மெஸ்ஸில் ஒரு வேளை காசு கொடுத்துச் சாப்பிடுங்கள். ஹாஸ்டல் பாத்ரூமில் குழாயைத் திறந்து பாருங்கள். பெண் பிள்ளைகள் நூலகத்தில் எத்தனை மணி வரை இருக்கலாம், ஆண் பிள்ளைகளுக்கும் அதே நேரமா என்று கேளுங்கள். பாலியல் தொந்தரவு பற்றிய புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்கிறதா, அதன் உறுப்பினர் பெயர்கள் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ராகிங் நடந்தால் 1800-180-5522 என்ற எண்ணைப் பிள்ளையின் போனில் சேமித்துக் கொடுங்கள். ஊரிலிருந்து தூரத்தில், சின்ன வட்டத்துக்குள் நாலு வருஷம் இருக்கப்போகும் பிள்ளைக்கு, அந்த வட்டத்தில் ஒருவரோடு பிரச்சினை என்றால் ஒதுங்கிப் போக இடம் இருக்காது. பெரிய ஊர்க் கல்லூரியில் பத்து நட்பு வட்டம் இருக்கும். கலகலப்பான பிள்ளைக்கு இது ஒன்றுமில்லை. மனசுக்குள் வைத்துப் புழுங்கும் பிள்ளையாக இருந்தால் பெற்றவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கிராமத்தில் இருப்பதன் நன்மையையும் சொல்லியாக வேண்டும். நான்காம் வருடத்தில் வேளாண் மாணவர்கள் கிராமங்களில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்யும் காலம் ஒன்று உண்டு. மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுவது, விதைநேர்த்தி, தென்னைக்கு வேர் வழியாக மருந்து கொடுப்பது என்று செயல்விளக்கம் காட்டும் படம் செய்தித்தாள்களில் வருமே, அதுதான். பக்கத்து ஊர்க்காரர்களோடு பழக்கம் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது உண்மையான பயிற்சியாகிறது. அந்த டீக்கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். "நம்ம தோப்புக்கு வந்து பாத்துட்டுப் போவாங்கம்மா, நல்ல பிள்ளைங்க" என்றார். முதல் வளாகத்துக்கு எதிரே இருந்த கடைக்காரருக்கு உள்ளே விவசாயப் படிப்பு இருப்பதே தெரியவில்லை.

பணம்

இரண்டாவது வளாகத்தில் நான்கு வருடத்துக்குக் கல்விக் கட்டணம், ஹாஸ்டல், மெஸ், தேர்வுக் கட்டணம், சுற்றுலா எல்லாம் கூட்டினால் ஒன்பது லட்சத்தைத் தொட்டது. முதல் வருடக் கட்டணத்தை மட்டும்தான் சொல்வார்கள், நாம்தான் நான்கு வருடத்துக்கும் எழுதி வாங்க வேண்டும். மார்க்குக்கு உதவித்தொகை என்றால் அது கல்விக் கட்டணத்துக்கு மட்டுமா, நான்கு வருடமும் தொடருமா, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிற்கும் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

கல்விக் கடன் 4 லட்சம் வரை நம் பங்குத்தொகை கேட்காமலும், 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமலும் கிடைக்கும். 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் வட்டிச் சலுகை உண்டு, ஆனால் தரவரிசை அடிப்படையில் தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்குத்தான். நாங்கள் தேடியபோது இரண்டு வளாகங்களின் பெயரும் அந்தப் பட்டியலில் இல்லை. 7.5 லட்சத்தைப் பத்து சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைத்தால் மாதம் 9,900 ரூபாய்க்கு மேல் வரும். படிக்கும் காலத்து வட்டி சேர்ந்தால் இன்னும் கூடும். மல்லி முகூர்த்த நாளில் கிலோ ஆயிரத்தைத் தாண்டும், அடுத்த வாரம் பறிகூலிக்கே கட்டாது. அந்த வருமானத்தை நம்பி மாதத் தவணை கட்ட முடியாது, பிள்ளையின் முதல் சம்பளத்தை நம்பித்தான் கட்ட வேண்டும். அதனால்தான் அந்த இடைநிலைச் சம்பளத்தைத் தேடச் சொன்னேன்.

அவசரப்படுத்துகிறார்களே என்று பயந்து முன்பணம் கட்டியவர்களுக்கு ஒரு விவரம். 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகினால் முழுப் பணத்தையும், அக்டோபர் 31 வரை என்றால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமலும் திருப்பித் தர வேண்டும் என்று யுஜிசி சொன்னது. நீங்கள் சேரும் ஆண்டுக்கான சுற்றறிக்கையை எடுத்துப் பிரிண்ட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதும் 2018இலேயே வந்த விதி. சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டால் பிள்ளை வேறு எங்கும் நகர முடியாது, அதனால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எங்கள் வரிசை

முதல் இடம் கவுன்சலிங்குக்கு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 7.5 சதவீதத்தில் ஒத்தக்கடை வந்தாலும் சரி, தூரத்தில் ஓர் இணைப்புக் கல்லூரி வந்தாலும் சரி, அதைத்தான் எடுக்க வேண்டும். செலவு இல்லாமல் வேளாண் பல்கலைக்கழகத்தின் பட்டம் கிடைக்கும்.

அது கிடைக்காவிட்டால்தான் கஷ்டமான கேள்வி: ஒன்பது லட்சத்துக்கு அந்த இரண்டாவது வளாகமா, அதிகச் செலவில்லாமல் தாவரவியலா? இங்கே எனக்கும் அவளுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. தாவரவியல் எடுத்துவிட்டு முதுநிலையில் திசை மாறலாம் என்பது என் எண்ணம். அரசுக் கல்லூரியில் வருஷத்துக்குச் சில ஆயிரத்தோடு முடியும், ஊர் பஸ்ஸில் பெண் பிள்ளைக்குக் காசும் இல்லை. "வேளாண் அலுவலர் வேலைக்கு பாட்டனி செல்லாதே மிஸ்" என்கிறாள் அவள், அதுவும் சரிதான். கடைசியில் இப்படி ஒத்துக்கொண்டோம்: ஐசிஏஆர் அங்கீகாரம் புதுப்பித்த சான்றிதழைக் கண்ணால் பார்த்து, கடன் 4 லட்சத்துக்குள் நிற்கும்படி உதவித்தொகையை நான்கு வருடத்துக்கும் எழுத்தில் வாங்கினால் இரண்டாவது வளாகம். இரண்டில் ஒன்று குறைந்தாலும் தாவரவியல். போன் போட்ட முதல் பல்கலைக்கழகம் எந்த நிலையிலும் வேண்டாம். அதை அவள் அப்பாதான் முதலில் சொன்னார்.

இதை எழுதும்போது கவுன்சலிங்குக்கான தரவரிசைப் பட்டியல் இன்னும் வரவில்லை. இரண்டாவது வளாகத்தில் இடம் போய்விடக்கூடாது என்று ஒரு சின்னத் தொகை கட்டி ரசீது வாங்கியிருக்கிறார்கள். பணத்தைத் திரும்பக் கேட்கக்கூடிய கடைசித் தேதியை அவர்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்துவிட்டு வந்தேன். நேற்று போன் செய்தாள். மொட்டுப்புழுவின் அந்துப்பூச்சியை விளக்கு வெளிச்சத்தில் ஒன்று பிடித்திருக்கிறாளாம், எப்படிக் காயவைப்பது என்று கேட்டாள்.